நாயைக் கூண்டில் ஏற்ற முடியாது

கொலை வழக்கில் டாக்டர் கூண்டேறினால் என்ன நடக்கும் என்று பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்தால் போதும். அரசு வழக்கறிஞர் மேசையிலிருந்து அரிவாளை எடுத்துக் காட்டுவார். "இந்த மாதிரி ஆயுதத்தால் ஒன்றாவது காயம் ஏற்பட்டிருக்க வாய்ப்பு உண்டா?" "உண்டு." அப்புறம் எதிரி தரப்பு வக்கீல் எழுந்திருப்பார். (எங்க கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பேர் 'எதிரி'. யாருக்கு எதிரி என்று யாரும் கேட்பதில்லை.) "கூர்மையான தகரத்தின் மேல் விழுந்தால் இதே மாதிரி காயம் ஏற்பட வாய்ப்பு உண்டா?" "உண்டு." டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கிப் போவார். வெளியே அவருடைய ஆஸ்பத்திரியில் ஓ.பி. வரிசை காத்துக்கொண்டிருக்கும்.

இரண்டு 'உண்டு'ம் உண்மைதான். டாக்டர் பொய் சொல்லவில்லை. ஆனால் நீதிபதிக்கு இந்த இரண்டு 'உண்டு'களால் கிடைத்தது என்ன? ஒன்றுமில்லை. எது எவ்வளவு சாத்தியம், ஏன், எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்கிற மூன்றாவது கேள்விதான் நிபுணரை நிபுணராக்குகிறது. அந்தக் கேள்வி நம் நீதிமன்றங்களில் அபூர்வமாகவே கேட்கப்படுகிறது. ஆய்வகத்தில் இருக்கிற விஞ்ஞானி விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். அவர் கூண்டுக்கே வர வேண்டியதில்லை. அவருடைய காகிதம் வந்தால் போதும்.

இந்தக் காகிதத்தோடுதான் எனக்குச் சண்டை. அறிவியலோடு இல்லை. ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "அப்போ டி.என்.ஏ.வே பொய்யா?" என்று யாராவது கேட்பார்கள்.

*

திருவண்ணாமலை என்றதும் கிரிவலத்தை நினைக்க வேண்டாம். நான் சொல்வது ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலிருக்கிற சின்னத் திருவண்ணாமலை. குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள், புரட்டாசி சனிக்கிழமை வந்தால் மட்டும் கூட்டம். இங்கிருந்து மேற்கே பார்த்தால் தெரிகிற மலைக்காட்டை 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் என்று அறிவித்தார்கள். மலைக்கு இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் தேனி மாவட்டம், கம்பம் பள்ளத்தாக்கு, சுருளி அருவி.

2011 மே மாதம் சுருளிக்குப் போன ஒரு இளம் ஜோடி திரும்பி வரவில்லை. சில நாட்கள் கழித்து அழுகிய நிலையில் உடல்கள் கிடைத்தன. ஒருவர் கைதானார். 2018-ல் தேனி நீதிமன்றம் அவருக்குத் தூக்கு விதித்தது. 2019-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 15 அன்று உச்சநீதிமன்றத்தில் நீதிபதிகள் விக்ரம் நாத், சஞ்சய் கரோல், சந்தீப் மேத்தா அமர்வு அவரை விடுதலை செய்தது. (பெயர்களை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். செத்துப்போனவர்களுக்கும் விடுதலையானவருக்கும் ஊரில் குடும்பம் இருக்கிறது.)

கீழ் நீதிமன்றமும் உயர்நீதிமன்றமும் பெரிதாக நம்பிய சான்றுகளில் ஒன்று டி.என்.ஏ. அறிக்கை. உச்சநீதிமன்றம் அந்த அறிக்கையில் உள்ள வேதியியலைத் தப்பு என்று சொல்லவில்லை. அது கேட்டது எளிய கேள்வி: இந்த மாதிரி எடுக்கப்பட்ட இடத்திலிருந்து ஆய்வக மேசை வரைக்கும் யார் யார் கையில் இருந்தது? எங்கே வைத்திருந்தார்கள்? ஏன் இவ்வளவு தாமதம்? பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தில் மாதிரி கலப்படமாகி இருக்கலாம் என்பதை மறுக்கவும் முடியாது. அவ்வளவுதான். ஒரு மளிகைக்கடைக்காரர் சரக்கு எப்போது வந்தது, யார் இறக்கினார்கள் என்று எழுதி வைக்கிற அளவுக்குக்கூட எழுதி வைக்காத ஒரு கண்ணாடிக் குப்பியை நம்பி ஒரு மனிதனை ஏழு வருஷம் தூக்குக் கைதியாக வைத்திருந்தோம்.

அந்தத் தீர்ப்பு டி.என்.ஏ. மாதிரிகளுக்கென்று நாடு முழுமைக்கும் வழிமுறை வகுத்தது. மாதிரி எடுக்கும்போது மருத்துவர், விசாரணை அதிகாரி, சுயேச்சையான சாட்சி ஆகியோரின் கையெழுத்தோடு ஆவணம். 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டும், தாமதமானால் காரணம் பதிய வேண்டும். விசாரணை நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் உறையைத் திறக்கவோ மறுபடி முத்திரை வைக்கவோ கூடாது. மாதிரி எடுத்த நாளிலிருந்து வழக்கு முடிகிற வரை அது கைமாறுகிற ஒவ்வொரு முறையும் பதிகிற ஒரு பதிவேடு, அது வழக்குக் கட்டோடு சேர வேண்டும். படிக்கும்போது எனக்கு ஆறுதல் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இது எதுவும் புதிய கண்டுபிடிப்பு இல்லையே. டி.என்.ஏ. சோதனை இந்திய நீதிமன்றங்களுக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. 2025 வரைக்கும் நாட்டுக்கே பொதுவான ஒரு நடைமுறை இல்லை என்று தீர்ப்பே ஒப்புக்கொள்கிறது.

தனி வழக்கு என்று தள்ளிவிட முடியாது. 2012-ல் டெல்லி சாவ்லாவில் நடந்த கொடுமையான வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற மூவரை 2022 நவம்பரில் உச்சநீதிமன்றம் விடுவித்தபோதும் பிரச்சினை இதுதான். மாதிரிகள் பல நாட்கள் போலீஸ் ஸ்டேஷன் சரக்கறையில் கிடந்தன. டி.என்.ஏ. அறிக்கை எந்த அடிப்படையில் அந்த முடிவுக்கு வந்தது என்பதைக் கீழ் நீதிமன்றங்கள் ஆராயவே இல்லை. 2017 பிப்ரவரியில் சென்னை மௌலிவாக்கத்தில் நடந்த சிறுமி கொலை நமக்கெல்லாம் நினைவிருக்கும். ஓராண்டு கடந்த கையோடு தூக்கு, சில மாதத்தில் உயர்நீதிமன்ற உறுதி. 2025 அக்டோபரில் விடுதலை. சிசிடிவி பதிவு உரிய முறையில் நிரூபிக்கப்படவில்லை, தடயவியல் சான்று நம்பும்படி இல்லை, எதிரிக்கு ஆவணங்களும் வக்கீல் உதவியும் காலத்தில் கிடைக்கவில்லை.

அந்த வாரம் சமூக ஊடகங்களில் தமிழ்நாடே கொதித்தது. நியாயமான கொதிப்புதான். ஆனால் கோபம் போன திசையைப் பாருங்க. எல்லாரும் உச்சநீதிமன்றத்தைத் திட்டினார்கள். மாதிரியைச் சரியாகக் கட்டி அனுப்பாதவரை, அறிக்கையைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட விசாரணை நீதிமன்றத்தை, 'விரைவு நீதி' என்று அன்றைக்குக் கைதட்டிய நம்மை யாரும் திட்டவில்லை. அவர்தான் குற்றவாளி என்று நீங்கள் நம்பினால், அவரைத் தப்பவிட்டது அந்தக் கட்டாத கட்டுதான். அவர் இல்லை என்றால் செய்தவன் வெளியே சுற்றுகிறான். எப்படிப் பார்த்தாலும் அந்தக் குழந்தைக்குத் துரோகம் நடந்தது 2025-ல் இல்லை, 2017-ல்.

*

ராஜபாளையம் நாய்க்குப் பேர் போன ஊர். (போலீஸில் மோப்பம் பிடிக்கப் போவது பெரும்பாலும் லாப்ரடாரும் டாபர்மேனும்தான். நம்ம ஊர் நாய் வேட்டைக்காரன், அதன் பாணியே வேறு.) நாய் மோப்பம் பிடித்து ஒருவர் வீட்டு வாசலில் போய் நின்றால் அது சாட்சியமாகுமா என்று உச்சநீதிமன்றம் 1969-ல் மகாராஷ்டிரத்திலிருந்து வந்த ஒரு வழக்கிலும், 2001-ல் ஆந்திர வழக்கு ஒன்றிலும் யோசித்தது. நாய் கூண்டேறிச் சத்தியம் செய்ய முடியாது. அது எதை மோந்தது, ஏன் அங்கே நின்றது என்று குறுக்கு விசாரணை செய்ய முடியாது. அதைப் பிடித்து வந்தவர் நாயின் குறிப்பைத் தவறாகப் புரிந்திருக்கலாம், மாற்றியும் சொல்லலாம். நாயே தவறியிருக்கலாம். ஆகவே துப்புத் துலக்க நாய் உதவட்டும், ஒருவரைத் தண்டிக்க அதை நம்ப வேண்டாம் என்பதுதான் சாரம். அருமையான தர்க்கம்.

அதே தர்க்கத்தை ஆய்வக அறிக்கைக்குப் போட்டுப் பாருங்க. அறிக்கை கூண்டேறாது. ஏன் அப்படிச் சொன்னாய் என்று அதைக் கேட்க முடியாது. அதைக் கொண்டுவந்து மேசையில் வைக்கிற இன்ஸ்பெக்டர் அதைத் தவறாகப் புரிந்திருக்கலாம். நாய்க்கு நாம் தராத மரியாதையை இந்தக் காகிதத்துக்கு மட்டும் ஏன் தருகிறோம்?

சட்டமே தரச் சொல்கிறது என்பதுதான் பதில். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 293-வது பிரிவு, அரசு அறிவியல் நிபுணர்களின் அறிக்கையை அவரைக் கூப்பிடாமலே சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்றது. ரசாயனப் பரிசோதகர், விரல்ரேகைப் பிரிவு இயக்குநர், வெடிபொருள் கட்டுப்பாட்டுத் தலைவர், தடயவியல் ஆய்வக இயக்குநர் என்று பட்டியல். நீதிமன்றம் நினைத்தால் கூப்பிடலாம். நினைப்பதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில், அதாவது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், இது 329-வது பிரிவாகத் தொடர்கிறது. பட்டியலும் நீண்டிருக்கிறது. மாநில அரசோ மத்திய அரசோ குறிப்பிடுகிற, சான்றளிக்கிற எந்த அறிவியல் நிபுணரும் உள்ளே வரலாம்.

அடுத்த பிரிவான 330-ல்தான் எனக்கு வயிறெரிகிறது. ஆவணங்கள் கொடுத்த 30 நாளுக்குள் எதிரி அவற்றை ஏற்கிறாரா மறுக்கிறாரா என்று சொல்ல வேண்டும். நீதிமன்றம் காரணம் எழுதி அவகாசத்தைத் தளர்த்தலாம், சரி. ஆனால் யாராவது ஒரு தரப்பு அறிக்கையை மறுத்தால் ஒழிய நிபுணரை நீதிமன்றத்துக்குக் கூப்பிடவே கூடாது என்று புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். யாரை வைத்து மறுப்பது? ஜெயிலில் இருக்கிற, கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த ஒரு கூலித் தொழிலாளி டி.என்.ஏ. அறிக்கையை 30 நாளில் படித்து 'இதன் புள்ளியியலில் எனக்குச் சம்மதமில்லை' என்று சொல்வாரா? அவருக்கு இலவச சட்ட உதவியில் கிடைத்த வக்கீலுக்கே அது புரியாது. சொல்லப்போனால் அரசு வழக்கறிஞருக்கும் புரியாது. புரியாத காகிதத்தை மறுக்காமல் இருப்பது ஒப்புதலாகிவிடுமாம்.

கூண்டேறுகிற நிபுணர்களின் வாக்குமூலக் கட்டுகளில் அடிக்கடி ஒரு வரி வரும்: எதிரி தரப்பில் குறுக்கு விசாரணை இல்லை. நமது நீதிமன்ற ஆவணங்களில் மிகச் சோகமான வாக்கியம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

நிபுணர்களுக்கு வேலைப்பளு, ஒவ்வொரு வழக்குக்கும் அலைந்தால் ஆய்வகம் இழுத்து மூட வேண்டியதுதான் என்பார்கள். வேலைப்பளு உண்மை. ஆனால் அதே புதிய சட்டம்தான் சாட்சிகளைக் காணொளியிலேயே விசாரிக்கலாம் என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறது. சென்னையில் உட்கார்ந்தபடி ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் பதில் சொல்ல அரை மணி நேரம் ஆகும். பஸ் ஏற வேண்டாம். நொண்டிச் சாக்கு இனி எடுபடாது.

அமெரிக்காவில் இதே கேள்வி 2009-ல் மாசசூசெட்ஸ் மாநில வழக்கு ஒன்றில் உச்சநீதிமன்றத்துக்கு வந்தது. போதைப்பொருள் என்று சான்று தந்த ஆய்வக ஊழியர் நேரில் வந்து குறுக்கு விசாரணையைச் சந்திக்க வேண்டும் என்று தீர்ப்பானது. வெறும் சம்பிரதாயம், ஆய்வகம் ஏன் பொய் சொல்லப்போகிறது என்று அன்றைக்கும் பலர் முனகினார்கள். சில வருஷத்தில் அதே மாநிலத்தில் ஆனி டூகன் என்கிற ஆய்வக ஊழியர் சோதனை செய்யாமலே முடிவு எழுதினார், மாதிரிகளில் கலப்படம் செய்தார் என்பது வெளிவந்தது. 2013-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2017-ல் அவர் கை பட்ட 21,000-க்கும் மேற்பட்ட வழக்குகள் ரத்தாயின. அவர் வில்லி இல்லை. மேலதிகாரிகள் மெச்சிய, ரொம்ப வேகமாக வேலை பார்த்த பெண். அந்த வேகத்தை யாரும் கேள்வி கேட்கவில்லை.

*

இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு தனி அனுகூலம் உண்டு. சொற்கள் இடம் மாறும்போது என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்.

தமிழ்நாட்டு போஸ்ட்மார்ட்டம் சான்றிதழின் கடைசி வரி ஏறத்தாழ எப்போதும் ஒரே அச்சுதான். இன்ன காயங்களால் உண்டான அதிர்ச்சியாலும் ரத்தப்போக்காலும், பரிசோதனைக்கு இத்தனையிலிருந்து இத்தனை மணி நேரத்துக்கு முன், இவர் 'இறந்ததாகத் தோன்றும்'. ஆங்கிலத்தில் எழுதப்படுகிற அந்தத் 'தோன்றும்' ஒரு நேர்மையான சொல். எழுதியவர் தன் அறிவின் எல்லையை அதில் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார். அந்தக் காகிதம் குற்றப்பத்திரிகைக்குப் போகும்போது 'தோன்றும்' உதிர்ந்து 'இறந்தார்' ஆகிவிடும். 12 முதல் 24 மணி நேரம் என்பது சுருங்கி 'அன்று இரவு 9 மணி' ஆகும். பத்திரிகைக்கு வரும்போது 'பிரேதப் பரிசோதனையில் நிரூபணம்'. யூடியூப் க்ரைம் கதைசொல்லி வாயில் வரும்போது, "டாக்டர் சொல்லிட்டாருங்க, அறிவியல் பொய் சொல்லாது!" டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை.

ஆய்வக மொழியும் அப்படித்தான். 'ஒத்துப்போகிறது' என்பதற்கும் 'அதுவேதான்' என்பதற்கும் நடுவில் ஒரு கடல் கிடக்கிறது. இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்கிற வழக்கறிஞர், இரண்டு கைக்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்ததால் 1999-ல் கொலைக் குற்றவாளி ஆனார். ராய் மெடோ என்கிற புகழ்பெற்ற குழந்தை மருத்துவர் கூண்டேறி, இப்படிப்பட்ட குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இயற்கையாகத் தொட்டிலில் இறக்க 7.3 கோடியில் ஒரு வாய்ப்புதான் என்றார். எப்படி வந்தது அந்த எண்? ஒரு குழந்தைக்கு 8,543-ல் ஒன்று. அதை அதே எண்ணால் பெருக்கிவிட்டார். ஒரே வீடு, ஒரே மரபணு, ஒரு குழந்தைக்கு இருந்த குறை இன்னொன்றுக்கும் இருக்கலாமே என்கிற யோசனை இல்லாத பெருக்கல். பிளஸ் டூ கணக்கு வாத்தியார் ஒருவரைக் கூண்டேற்றியிருந்தால் உடைத்திருப்பார். புள்ளியியல் தெரியாத குழந்தை மருத்துவர் புள்ளியியல் சொன்னார், சர் பட்டம் இருந்ததால் எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். அதோடு, ஒரு குழந்தைக்குத் தொற்று இருந்ததைக் காட்டும் பரிசோதனை முடிவுகளை நோய்க்கூறு மருத்துவர் வெளியிடவே இல்லை. 2003-ல் விடுதலையானார். 2007-ல் இறந்துபோனார்.

ஒரு துறையில் நிபுணர் எல்லாத் துறைக்கும் நிபுணராகிவிடுவது இங்கேயும் நடக்கிறது. இமாசலப் பிரதேசத்தில் ஆப்பிள் விவசாயிகள் மேல் போட்ட வழக்கில் தோட்டக்கலை அதிகாரி ஒருவர் தோப்பைப் பார்த்து, இதில் இத்தனை காய்தான் காய்த்திருக்கும் என்று கணக்குச் சொன்னார். அந்த விஷயத்தில் இவர் என்ன தனிப் பயிற்சி பெற்றார் என்று உச்சநீதிமன்றம் 1999-ல் கேட்டு அவர் நிபுணரே அல்ல என்றது. நிபுணரின் வேலை தீர்ப்புச் சொல்வதல்ல, நீதிபதி தானே சோதித்துப் பார்க்கும்படி அளவுகோலைக் கையில் கொடுப்பது என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. நல்ல வரையறை. ஆனால் சாட்சியச் சட்டத்தின் பழைய 45-வது பிரிவு, வெளிநாட்டுச் சட்டம், அறிவியல், கலை, கையெழுத்து, விரல்ரேகை என்று நிறுத்திக்கொண்டது. 2023-ன் புதிய சட்டம் 39-வது பிரிவில் 'வேறு எந்தத் துறையும்' என்று சேர்த்துவிட்டது. கதவு அகலமாயிற்று. வாசலில் காவலுக்கு ஆள் போடவில்லை.

நிபுணர் என்ற பேரில் தப்பெண்ணம் கூண்டேறியதற்கு நம் கண் முன்னாலேயே உதாரணம் இருக்கிறது. பாலியல் வழக்குகளில் இருவிரல் சோதனை. பல பத்தாண்டுகள், பாடப்புத்தகத்தின் ஆசீர்வாதத்தோடு, பாதிக்கப்பட்ட பெண் 'பழக்கப்பட்டவள்' என்று டாக்டர்கள் சான்றிதழில் எழுதினார்கள். அதில் அறிவியல் ஒரு துளி கிடையாது. 2013-லேயே உச்சநீதிமன்றம் அது பெண்ணின் உரிமையை மீறுவது என்றது. 2022 ஏப்ரலிலும் மதுரைக் கிளை அதை உடனே தடை செய்யும்படி தமிழக அரசுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. அக்டோபரில் உச்சநீதிமன்றம், இனி செய்கிற டாக்டர் முறைகேட்டுக் குற்றவாளி என்றது. யோசித்துப் பாருங்க, அந்தச் சான்றிதழ்கள் ஒவ்வொன்றும் 'நிபுணர் கருத்து' என்று குறியீட்டு எண் போட்டு வழக்குக் கட்டில் சேர்க்கப்பட்டவை.

*

எங்கள் மாவட்டத்துக்கென்று ஒரு சொல் இருக்கிறது: உராய்வு. சிவகாசி, சாத்தூர் பக்கம் பட்டாசு ஆலை வெடித்தால் மறுநாள் பேப்பரில் இந்தச் சொல் வரும். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கருகிச் செத்ததிலிருந்து எத்தனையோ தடவை படித்தாயிற்று. மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு வெடித்தது என்பது வேதியியல்படி சரியாக இருக்கலாம். ஆனால் குற்ற வழக்கில் கேள்வி அது இல்லையே. அந்த அறையில் அனுமதித்த அளவுக்கு மேல் எத்தனை கிலோ மருந்து இருந்தது? நாலு பேர் உட்கார வேண்டிய இடத்தில் எத்தனை பேர்? உரிமம் யார் பேரில், குத்தகைக்கு எடுத்து நடத்தியவர் யார்? ஒரு நல்ல வெடிபொருள் நிபுணர் சிதறின தூரத்தையும் குழியையும் பார்த்தே எவ்வளவு மருந்து இருந்திருக்கும் என்று கணக்குச் சொல்ல முடியும். அதைச் சொல்லவைக்கக் கூண்டில் கேள்வி கேட்க ஆள் வேண்டும். 'உராய்வு' என்ற ஒரு வார்த்தை அறிக்கையோடு நின்றுபோனால் குற்றவாளி இயற்பியல் விதி ஆகிவிடுகிறது. செத்தவர் கையே உராய்ந்தது என்று முடித்துவிடலாம். ஆகவே நிபுணர் நேரில் வருவது எதிரிக்கு மட்டும் நன்மை என்று நினைக்காதீங்க. செத்துப்போன தொழிலாளி குடும்பத்துக்கும் அதே நன்மைதான்.

நல்ல நிபுணர்களே இல்லையா? இந்தியாவிலேயே முதல் ரசாயனப் பரிசோதனைக் கூடம் 1849-ல் சென்னையில்தான் வந்தது. விஷம் வைத்தார்களா என்று கண்டுபிடிப்பதற்கு. 1952-ல் போட் மெயிலில் வந்த டிரங்குப் பெட்டியில் மானாமதுரையில் தலையில்லாத உடல் கிடைத்ததே, ஆளவந்தார் வழக்கு, அதில் ராயபுரம் கடற்கரையில் கிடைத்த தலையும் இந்த உடலும் ஒருவருடையதுதான் என்று நிறுவியது மருத்துவ நிபுணர்கள். சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஏ.எஸ்.பி. அய்யர் முன்னால் ஊரே கூடி வேடிக்கை பார்த்த விசாரணை அது. ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில் சிதறல்களிலிருந்து இடுப்புப்பட்டை வெடிகுண்டை மறு உருவாக்கம் செய்தவர் நம் தடயவியல் துறை இயக்குநர் பி. சந்திரசேகரன். சரவண பவன் ராஜகோபால் வழக்கில், கொடைக்கானலில் அநாதைப் பிணமாகப் புதைக்கப்பட்ட உடலின் மண்டையோட்டைப் புகைப்படத்தோடு பொருத்திப் பார்த்தார்கள். 2019-ல் உச்சநீதிமன்றம் அதை ஏற்றது, ஆனால் எவ்வளவு ஏற்பது என்றும் சொன்னது: இது கருத்துச் சான்றுதான், மற்ற சாட்சியங்களுக்குத் துணையாக நிற்கலாம், தனியாக நின்று ஒருவரைத் தண்டிக்க முடியாது. கேள்வி கேட்கப்பட்டதால்தான் இந்த நிபுணர்கள் பேர் நிலைத்திருக்கிறது. கேள்வி கேட்பது விஞ்ஞானிக்கு அவமானம் என்பது, விஞ்ஞானம் தெரியாதவர்கள் கிளப்பிவிட்ட கதை.

என்ன வேண்டும் என்கிறேன்? முதலில், எதிரிக்கும் ஒரு நிபுணர். ஏழை என்றால் அரசு செலவில். வக்கீல் இல்லாத ஏழைக்கு வக்கீல் தருவது அடிப்படை உரிமை என்று ஒப்புக்கொண்டோம். டி.என்.ஏ. அறிக்கை மட்டுமே சாட்சியாக நிற்கிற வழக்கில் அந்த அறிக்கையைப் படிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் வக்கீல் மட்டும் நின்று என்ன செய்வார்? அமெரிக்காவில் 1985-லேயே, மனநிலை பற்றிய வாதம் உள்ள வழக்கில் ஏழை எதிரிக்கு மனநல மருத்துவர் உதவியை அரசே தர வேண்டும் என்று தீர்ப்பு வந்துவிட்டது. இங்கே அப்படி ஒரு ஏற்பாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆய்வகம் உள்துறையின் கீழ் இருக்கிறது, காவல்துறையும் அதே உள்துறையின் கீழ். மாதிரி எடுப்பவர், அனுப்புபவர், சோதிப்பவர், வழக்கு நடத்துபவர் எல்லாரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் எல்லாரும் யோக்கியர்களாகவே இருக்கட்டும், சந்தோஷம். ஒரே வீட்டில் ஒருவர் செய்த தப்பை இன்னொருவர் பார்ப்பது கஷ்டம் என்றுதான் சொல்கிறேன். அறிக்கையோடு அதன் அடிப்படைத் தரவுகளும், வரைபடம் உட்பட, எதிரிக்குக் கிடைக்க வேண்டும். முடிவு மட்டும் எழுதிய ஒற்றைப் பக்கம் போதாது. நிபுணர் தன் கருத்துக்கு எப்படி வந்தார் என்பதும் சாட்சியமே என்று 1872-லிருந்து சட்டத்தில் எழுதித்தான் இருக்கிறது.

ஏழு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை வரக்கூடிய எல்லாக் குற்றத்துக்கும் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போயே ஆக வேண்டும் என்கிறது புதிய சட்டத்தின் 176-வது பிரிவு. மாநிலங்களுக்கு ஐந்து வருஷ அவகாசம். நல்லதுதான், ஆனால் பயமாகவும் இருக்கிறது. குப்பிகள் பெருகும், காகிதங்கள் பெருகும், 'அறிவியல் பொய் சொல்லாது' என்கிறவர்கள் பெருகுவார்கள். தாலுகா ஆஸ்பத்திரியில் எம்.பி.பி.எஸ்.-ல் ஒரு தாளாகத் தடயவியல் மருத்துவம் படித்த டாக்டர்தான் அன்றைக்கும் பிணவறையில் நிற்பார். கத்தி பல இடங்களில் பிணவறை ஊழியர் கையில்தான் இருக்கும். குறுக்கு விசாரணை பெருகும் என்பதற்கு மட்டும் ஒரு அறிகுறியும் காணோம்.

"பாதிக்கப்பட்டவங்க பக்கம் நில்லுங்க சார், எதிரி பக்கம் ஏன் பேசுறீங்க?" என்கிறார்கள். சுருளியில் செத்துப்போன இரண்டு பேர் பக்கம் நின்றுதான் கேட்கிறேன். பதினான்கு வருஷம் வழக்கு நடந்து, மூன்று நீதிமன்றம் ஏறி, கடைசியில் அவர்களைக் கொன்றது யார் என்று இன்றைக்குச் சட்டப்படி யாருக்கும் தெரியாது. இனி சோதிக்க அந்த மாதிரிகளும் உதவாது.

தீர்ப்பின் நகல் எல்லா மாநில டி.ஜி.பி.க்களுக்கும் போக வேண்டும், அவர்கள் படிவங்களைத் தயாரித்து மாவட்டங்களுக்கு அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு. ஸ்ரீவில்லிபுத்தூர், தேனி, மதுரை நீதிமன்றங்களில் ஆஜராகிற இளம் வக்கீல் நண்பர்கள் இதை வாசித்துக்கொண்டிருந்தால் ஒரு காரியம் செய்யலாம். 2025 ஜூலைக்குப் பிறகு பதிவான உங்கள் வழக்கு எதிலாவது டி.என்.ஏ. அறிக்கை இருந்தால், அறிக்கையை அப்புறம் படிக்கலாம். முதலில் கட்டில் அந்தக் கைமாற்றப் பதிவேடு இருக்கிறதா பாருங்க. இருந்தால் கையெழுத்துகளுக்கு நடுவே எத்தனை மணி நேரம் என்று கூட்டிப் பாருங்க. இல்லையென்றால் நிபுணரைக் கூண்டுக்குக் கூப்பிட்டு ஒரு மனு போடுங்க.